கம்ப்ரசரின் வலது காது

மருந்துப் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு அரை மணி நேரமாக வாணி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். ஜில்லென்று நாயின் காதுக்குள் ஊற்றக் கூடாது, உடம்புச் சூட்டுக்கு வரட்டும் என்று கால்நடை டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அந்தச் சூடு எப்போதோ வந்துவிட்டது என்பது வாணிக்குத் தெரியும். இருந்தாலும் இந்த ஒரு குண்டாவைக் கழுவிவிட்டு, கொடியில் கிடக்கிற துண்டை மடித்துவிட்டு, அடுப்பு மேடையில் அந்தப் பால் கறையை மட்டும் துடைத்துவிட்டு என்று வேலைகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. கலியாணமாகி எட்டே மாதம். நாற்பத்தோரு வயதில் வந்து சேர்ந்த வீட்டில் துடைக்கவும் மடிக்கவும் எப்போதும் ஏதாவது இருந்தது. பின்வாசல் கொய்யா மரத்தடியில் கம்ப்ரசர் படுத்திருந்தான். வலது காதைச் சிமெண்டுத் தரையோடு வைத்து அழுத்தி, முகத்தை இழுத்து இழுத்துத் தேய்த்தான். தேய்த்தபின் எழுந்து தலையை உதறினான். பட் பட் பட் என்று அந்தக் காதுகள் கன்னத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம். அந்தச் சத்தம் மட்டும் வாணிக்கு எந்த அறையில் இருந்தாலும் கேட்டுவிடும். கேட்டதும் அவளுடைய வலது காதுக்குள், ஒன்றுமே கேட்காத அந்தக் காதுக்குள், ஏதோ ஒன்று சுருங்கும்.

கம்ப்ரசர் என்று பெயர் வைத்தது ரிக் வண்டியில் வேலை செய்கிற ஆட்கள். அவள் வீட்டுக்காரர் செங்கோட்டுவேல் போர் போடுகிற ரிக் வண்டியின் மேனேஜர். திருச்செங்கோட்டில் இருந்து கிளம்பினால் சத்தீஸ்கர், ஒரிசா என்று மாதக் கணக்கில் ஆள் ஊரில் இருக்கமாட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு காட்டோரத்தில் வண்டிக்கு அடியில் வந்து ஒண்டிய குட்டி, தூங்கும்போது விட்ட குறட்டையைக் கேட்டுவிட்டு, இவன் நம்ம கம்ப்ரசரை விடச் சத்தமா ஓடறானே என்று எவனோ சொல்லியிருக்கிறான். பெயர் ஒட்டிக்கொண்டது. வெண்ணெய் நிறம், தொங்கு காது, அகல நெற்றி. எந்தச் சாதி நாய் என்று கேட்டால் ரிக்குச் சாதி என்பார் செங்கோட்டுவேல். அவனை எப்படிக் கூப்பிடுவது என்று வாணிக்குத் தெரியவில்லை. தன்னைவிட நாலு வருஷம் மூத்த உறவு அவனுக்கு இந்த மனுஷரோடு. வந்த முதல் வாரத்தில் அவள் வாயில் வந்தது, தள்ளிக்குங்க, கூட்டணும் என்பதுதான். செங்கோட்டுவேல் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது. அவன் எங்கூட லாரிக்கு அடியில படுத்தவன், அவனுக்கு என்ன மரியாதை என்றார். அவள் மாற்றிக்கொள்ளவில்லை. தள்ளிக்குங்க, சாப்பிட வாங்க, வெளிய போங்க. மரியாதை கொடுத்தால் கடிக்கமாட்டான் என்று ஒரு கணக்கு உள்ளுக்குள் இருந்ததோ என்னவோ. அவனும் மரியாதையோடுதான் இருந்தான். சாப்பிட்டான், தள்ளிப் படுத்தான். வாலை ஆட்டியதில்லை. ஆட்டுவதெல்லாம் அவர் ஜீப் சத்தம் கேட்டால்தான்.

வியாழக்கிழமை ரிக் கிளம்பிவிட்டது. புழுதியில் இந்தக் காதோடு அவனைக் கூட்டிப் போக முடியாது. டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, சவ்வு நல்லாத்தான் இருக்கு, இப்படியே விட்டா அழுக்கு உள்ள இறங்கிடும், அப்புறம் இந்தக் காது போனது போனதுதான், இருபது நாள் தினமும் சுத்தம் பண்ணி மருந்து விடுங்க என்று சொல்லியிருந்தாள். போனது போனதுதான். அந்த வார்த்தையை டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள், கை கழுவிக்கொண்டே. வாணிக்கு அது ஆஸ்பத்திரி வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு தரம், பஸ்ஸில் ஒரு தரம், இரவு சோற்றில் கை வைத்தபோது ஒரு தரம் கேட்டது. போனது போனதுதான். செங்கோட்டுவேல் இருந்த மூன்று நாளும் அவரே பிடித்துச் செய்தார். அவள் டார்ச் அடித்தாள். நாலாம் நாள் நேற்று. நேற்று அவள் பாட்டிலோடு கிட்டே போனதும் கம்ப்ரசர் எழுந்து, அவசரமில்லாமல் நடந்து, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை உறுமினான். பெரிய உறுமல் இல்லை. போ என்று சொல்வது போல. அவள் போய்விட்டாள். சாயங்காலம் போனில் அவர் காது சுத்தம் பண்ணியாச்சா என்று கேட்டபோது, ஆச்சுங்க என்று சொன்னாள். சொன்னபின் போனை வைத்துவிட்டு ஒரு ஜாக்கெட்டின் கையை மாற்றித் தைத்தாள். கலியாணமாகி அவரிடம் சொன்ன முதல் பொய் நாய்க்காதைப் பற்றி. நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கவும் முடியவில்லை. இருபது நாளில் ஒரு நாள் போய்விட்டது. இன்றைக்கும் போனால் இரண்டு. அப்புறம் அவர் திரும்பி வந்து ஜீப்பை நிறுத்தும்போது இவன் எந்தப் பக்கமிருந்து சத்தம் வருகிறது என்று தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நிற்பான். எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று வாணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டைக் கடக்கும்போது ஆரன் சத்தம் எப்போதும் இடது பக்கமிருந்துதான் வரும் அவளுக்கு, பஸ் வலது பக்கமிருந்து வந்தாலும்.

சரி என்று அவள் கொய்யா மரத்தடிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஒரு தட்டில் வேகவைத்த ஈரல் துண்டுகள், ஒரு பழைய துண்டு, ஒரு கிண்ணத்தில் துணிச் சதுரங்கள். அந்தச் சதுரங்களை ஜாக்கெட்டுக்கு வைக்கிற லைனிங் துணியில் வெட்டி, நாலு தடவை அலசிக் காயவைத்து, பிசிறு உள்ளே உதிரக் கூடாதே என்று சுற்றிலும் மடித்துத் தைத்திருந்தாள். நாய்க்குக் காது துடைக்க ஓரம் தைத்த துணி. ஊரில் எந்த நாய்க்கு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். அவனைக் கூப்பிடவில்லை. பாட்டிலை வெளியே எடுக்கவும் இல்லை. ஒரு ஈரல் துண்டைத் தன் முட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்தாள். மதிலுக்கு மேலே கோயில் மலை தெரிந்தது, செம்பழுப்பாய், பத்து மணி வெயிலில் ஏறுகிறவர்கள் எறும்பு மாதிரி. பொய் சொன்னவளுக்கும் மலை தெரியத்தான் செய்கிறது. மூச்சு முட்டியில் பட்டது. ஈரல் போயிருந்தது. இரண்டாவது துண்டு மடிக்குக் கிட்டே. மூன்றாவதைக் கையிலிருந்தே எடுத்தான். பல் படாமல், உதட்டால், வெற்றிலை எடுக்கிற கிழவர் மாதிரி. நாலாவதற்கு அவன் அவள் தொடையோடு ஒட்டிப் படுத்திருந்தான். அவள் கை அவன் கழுத்தில் இருந்தது. எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

காதை மெல்லத் தூக்கினாள். புளித்து நாலு நாளான இட்லி மாவின் வாசனை. உள்ளே ரோஜா நிறத்தில் மடிப்பு மடிப்பாகச் சதை, மடிப்புகளுக்குள் காப்பிப்பொடி அப்பிய மாதிரிப் பழுப்பு அழுக்கு. அந்த வாசனை. அவளுக்கு ஏழு வயது, தலையணை உறையில் மஞ்சளாய்ச் சீழ், அதற்கும் இதே புளிப்பு. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பெண் நகர்ந்து உட்கார்ந்தது. அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அம்மா பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சினாள். யாரோ சொன்னார்கள், அம்மா செய்தாள். மடியில் தலையைச் சாய்த்து, ஒரு கையால் கன்னத்தை அழுத்திப் பிடித்து, குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையால் ஊற்றினாள். எவ்வளவு சூடு என்று அம்மா பார்க்கவில்லையா, பார்த்தாள், விரலில்தான் பார்த்தாள், சமைத்துச் சமைத்துக் காய்த்துப் போன விரல். அப்புறம் ஒரு வெள்ளை. வெளிச்சம் மாதிரி ஒரு வலி. அதற்கப்புறம் வலதுபக்கம் உலகம் ஒரு கனத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அரைக்காது என்று பெயர். ஏய் அரைக்காது. இடதுபக்கம் நின்று சொல்லமாட்டார்கள், வலதுபக்கம் நின்று சொல்லிவிட்டு, கேட்கிறதா என்று முகத்தைப் பார்ப்பார்கள். கேட்காது. ஆனால் வாய் அசைவு தெரியுமே. அரைக்காது. அம்மா ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் அதிலிருந்து இன்று வரைக்கும் கடைவீதியில், கோயிலில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் அம்மா அவளுக்கு இடதுபக்கமாகவே நடந்தாள். இடதுபக்கம் சாக்கடை ஓடினாலும் அதை ஒட்டியே நடந்தாள். சங்ககிரியில் தம்பி வீட்டில் இருக்கிறாள் இப்போது; போன மாதம் போயிருந்தபோதும் கூட, முட்டி வலியோடு, ஒரு எட்டு சுற்றி வந்து இடதுபக்கம் சேர்ந்துகொண்டாள்.

"கொஞ்ச நேரந்தான் சாமி, கொஞ்ச நேரந்தான்." வாணி திடுக்கிட்டாள். சொன்னது அவள்தான். அவள் குரல்தான். ஆனால் வார்த்தை அம்மாவுடையது, அன்றைக்கு எண்ணெய்ப் பாலாடையைச் சாய்க்கும் முன் சொன்ன அதே வார்த்தை, அதே இழுப்பு. அவள் இடது கை நாயின் கன்னத்தை அழுத்திப் பிடித்திருந்தது, அதே பிடி. எடுத்துவிட்டாள். இடுப்பிலிருந்து பாட்டிலை உருவி மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள். சூடும் இல்லை குளிரும் இல்லை. போதாது. கழுத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். இதமாக இருந்தது. இன்னும் போதாது. கடைசியில் தன் வலது காது மடலின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள். முப்பத்திநாலு வருஷமாக அந்தப் பக்கம் ஒரு கம்மலைத் தவிர எதையும் அண்டவிட்டதில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. அம்மாவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், பயந்துகொண்டு, தன் பிள்ளைக்கு வலிக்கக் கூடாதே என்று. அவளுக்குச் சொல்ல ஒரு டாக்டரம்மா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணெய் ஊத்தாதீங்க, பட்ஸ் போட்டுக் குடையாதீங்க, விரல் எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவுதான் துடைக்கணும். மூன்றே மூன்று வாக்கியம். அன்றைக்கு யாராவது அம்மாவிடம் சொல்லியிருந்தால். வாணி அந்த நினைப்பை அங்கேயே விட்டாள். கம்ப்ரசர் தலையைத் திருப்பி, ஏன் நிறுத்திவிட்டாய் என்பது போல, அவள் மணிக்கட்டை நக்கினான்.

காது மடலை மேலே நேராகப் பிடித்து, ஓட்டை நிறையக் கழுவுகிற மருந்தை ஊற்றினாள். அவனை அழுத்திப் பிடிக்கவில்லை, பிடிக்காமலே, படுத்திருந்தவன் படுத்தபடியே இருந்தான். உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடி வால் நுனியில் போய் முடிந்தது. காதின் அடிப்பாகத்தை, தாடை தொடங்குகிற இடத்தில், கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிசைந்தாள். சளக் சளக் என்று உள்ளே சத்தம், நனைந்த செருப்போடு நடக்கிற மாதிரி. இருபது வரைக்கும் எண்ண வேண்டும். எட்டு வரும்போது கம்ப்ரசரின் கண் சொருகியது. பன்னிரண்டில் அவன் தலையை அவள் கைக்குள் சாய்த்தான், முழுக் கனத்தையும். பதினைந்தில் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பியது, உறுமலும் இல்லை குறட்டையும் இல்லை, வாரக்கணக்காக அரித்த இடத்தில் சரியாக ஒரு விரல் பட்டால் எந்த ஜீவனும் போடுகிற சத்தம். அய்யோ, இவ்வளவு நாளா இதுக்குத்தான் தவிச்சீங்களா என்றாள் வாணி. பின்னங்கால் ஒன்று தானாகக் காற்றில் உதைத்துக்கொண்டது. அவள் சிரித்துவிட்டாள். இருபது தாண்டி நாற்பது ஆகிவிட்டது, எண்ணிக்கை எங்கே போனதோ. கையை எடுத்ததும் அவன் எழுந்து, கால்களை அகட்டி, மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறினான். பழுப்பு மருந்து அவள் புடவையில், கன்னத்தில், மூக்குத்தியில், மதில் சுவரில். "டேய்! அடே கழுதை! பொறுடா!" என்று கத்தினாள், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு. கத்தியபின்தான் மரியாதை போய்விட்டது தெரிந்தது. அவன் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வால் ஆடிற்று. ஜீப் இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா.

விரலில் துணிச் சதுரத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துடைத்தாள். முதல் துணி கருப்பு, இரண்டாவது பழுப்பு, மூன்றாவது டீ நிறம். துணி வெளுக்க வெளுக்க அவளுக்குள்ளும் என்னவோ வெளுத்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் இடது காதைக் காட்டி உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்குக் கழுத்தே ஒருபக்கம் சாய்ந்துபோயிருந்தது. ஒரு கேள்வி அவள் காதில் விழாமல் போய்விட்டால் போதும், பதில் வராத அந்த ஒரு நொடியில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையை அவள் பதினாலு தடவை பார்த்திருக்கிறாள். அப்புறம் யாரும் வரவில்லை. அப்புறம் தையல் மிஷின். அப்புறம் ஒரு நாள் தன் மூன்று தங்கைகளுக்கும் கலியாணம் முடித்துவிட்டு நாற்பத்தேழு வயதில் ஒருவர் வந்தார். முன்னறையில் உட்கார்ந்து அவர் பேசியது வாணிக்குச் சமையலறையில் கேட்டது. வலது காதைக் கதவுப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றபோதே கேட்டது. இருபத்தைந்து வருஷம் ரிக்கின் கம்ப்ரசர் மிஷின் பக்கத்தில் நின்று கத்திக் கத்தி அவருக்கு அதுதான் சாதாரணக் குரல். அவர் தங்கை, மெதுவாப் பேசுங்கண்ணா என்று கிள்ளினாள். வாணி காப்பியோடு போனாள். எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவது என்று யோசிக்கவே இல்லை. பேர் என்னம்மா என்று கேட்டார், தெருவுக்கே கேட்கிற மாதிரி. கோகிலவாணிங்க என்று உடனே சொன்னாள். காது விஷயத்தைத் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர், எனக்கும் ரெண்டும் பாதிதானுங்களே, டாக்டர் சீட்டே இருக்கு, சேத்தா ரெண்டு காது, ஒரு குடும்பத்துக்குப் போதும் என்றார். வீடே சிரித்தது. கலியாணமான எட்டு மாதத்தில் அவரிடம் அவள் ஒரு தடவை கூட, என்னங்க சொன்னீங்க என்று திருப்பிக் கேட்டதில்லை. உலகத்தில் எந்தப் பெண்டாட்டிக்கு இப்படி வாய்க்கும். இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று நினைத்த அடுத்த மூச்சில் லாரி, மலைப்பாதை, மழை, தூக்கம் வருகிற டிரைவர் என்று வரிசையாக வந்து நிற்கும். வந்தது. வந்து நின்றது. அவள் நாலாவது துணியை எடுத்துச் சுற்றினாள். சுத்தமாக வந்தது. மதில் மேல் காக்கை ஒன்று ஈரல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. லாரி மலைப்பாதையில் அதுபாட்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இன்னொரு சின்னப் பாட்டிலிலிருந்து சொட்டு மருந்து நாலு விட்டு, மறுபடி கொஞ்சம் பிசைந்து, கடைசி ஈரலைக் கொடுத்துவிட்டு, போனை எடுத்தாள். கை மருந்தும் ரோமமுமாக இருந்தது. துடைத்துக்கொண்டு பேசலாம், துடைத்துவிட்டால் சொல்லாமல் விட்டுவிடுவோம் என்று தோன்றியது. அப்படியே அழுத்தினாள். ஜக்தல்பூர் தாண்டி டீக்கு நிறுத்தியிருக்கிறோம் என்றார். "ஏனுங்க, நேத்து நான் காது சுத்தம் பண்ணலீங்க. பண்ணுனேன்னு பொய் சொல்லிட்டேன். இன்னைக்குத்தான் பண்ணுனேன்." ஒரு நொடி ஒன்றும் வரவில்லை. பதில் வராத ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று வாணிக்குத் தெரியும். அப்புறம் போன் அதிர அவர் சிரித்தார். "நேத்தே தெரியும் வாணி. நீ ஆச்சுங்கன்னு சொல்றப்பப் பின்னால அவன் தலைய உதறுறான், பட்டு பட்டுன்னு. எனக்கே கேட்டுச்சுன்னாப் பாத்துக்க." அவளுக்கு முகம் சுட்டது. ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். நீயே பண்ணுவேன்னு தெரியும், பயத்துல ஒரு நாள் தள்ளிப்போட்டா என்ன இப்ப என்றார். கடிச்சானா என்று கேட்டார். சிரிச்சானுங்க என்றாள்.

போனை வைத்தபின்னும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. கம்ப்ரசர் அவள் கால் மேல் குறுக்காகப் படுத்துக் கண்ணை மூடினான். காதை அவள் திருப்பி மடித்துக் காற்றாட விட்டிருந்தாள். உள்புறம் இளஞ்சிவப்பாய், புதுசாய். குறட்டை தொடங்கியது. கால் மரத்துக்கொண்டு வந்தது, மரக்கட்டும். கொய்யா இலை ஒன்று அவன் முதுகில் விழுந்தது. ஒன்றையும் நினைக்காமல் அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ. திடீரென்று குறட்டை நின்றது. தலையைத் தூக்கினான். எழுந்து, பக்கச் சந்து வழியாக வீட்டின் முன்பக்கம் ஓடினான். என்ன வந்தது இவனுக்கு என்று நினைத்தாள். இரண்டு குரைப்பு. திரும்பி வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மூக்கால் அவள் முழங்கையை ஒரு இடி இடித்துவிட்டு மறுபடி சந்துக்குள் பாதிதூரம் ஓடி நின்று, கழுத்தைத் திருப்பி, வருகிறாளா என்று பார்த்தான். வலது காது வீட்டுப்பக்கமாக உட்கார்ந்திருந்த அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மறுபடி வந்தான், மறுபடி இடித்தான், இந்தத் தடவை பொறுமை இல்லாமல். சுவரைப் பிடித்து எழுந்து, மரத்த காலை இழுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள்.

வெளி கேட்டில் எதிர்வீட்டு ராசாமணி அக்கா கையில் ஜாக்கெட் துணியோடு நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. எட்டு மாதமாக இந்தத் தெருவில் வாணிக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள் என்று பேசிக்கொள்வது வாணிக்கும் வந்து சேர்ந்திருந்தது. பேசிக்கொள்ளட்டும், அரைக்காது என்பதற்குத் திமிர் எவ்வளவோ மேல் என்று அவள் விட்டிருந்தாள்.

"பத்து வாட்டி கூப்ட்டாச்சு. உள்ள இருந்துக்கிட்டே வரமாட்டேங்கற. இன்னொரு தையக்காரி ஊர்ல இல்லாமயா போயிட்டா?"

வாணி கேட்டைத் திறந்தாள். கம்ப்ரசர் அவள் காலோடு ஒட்டி நின்று, முகத்தை நிமிர்த்தி, ஒரு வேலை முடிந்தது என்கிற மாதிரி அவளைப் பார்த்தான்.

"எனக்கு வலது காது கேக்காதுங்கக்கா. சின்னதுலயே போயிருச்சு," என்றாள். குரல் தெருவுக்கே கேட்டது. "இவன்தான் வந்து சொன்னான், நீங்க கூப்பிடறீங்கன்னு. உள்ள வாங்க, அளவு எடுத்துக்கலாம்."